தொண்டைக்கட்டுக் குழுவும் இருவாச்சி மாமாவும்

மலைக்காட்டில் ஓர் அத்தி மரத்தடியில் பள்ளிக்கூடம் இருந்தது. வாத்தியார் ஒரு கரடி. காலையில் நன்றாகத்தான் பாடம் நடத்துவார். எந்தக் கிழங்கைத் தின்னலாம், எந்தக் காளானைத் தின்றால் வயிறு பிடுங்கும், சிறுத்தை பக்கத்தில் இருந்தால் காற்று எப்படி மணக்கும் என்றெல்லாம் சொல்லிக் கொடுப்பார். மத்தியானம் ஒரு தேனடையைத் தின்றுவிட்டால் போதும், அப்புறம் குறட்டைதான். பிள்ளைகளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

அந்தக் குறட்டையில்தான் ஒரு பாட்டுக் குழு பிறந்தது. கரடி வாத்தியாருக்குப் பாடம் தப்பினாலும் குறட்டையில் தாளம் தப்பாது. அதை வைத்துக்கொண்டு மூன்று பேர் பாட ஆரம்பித்தார்கள்.

முதல் ஆள் மிளகன் என்கிற முசுக்குரங்குக் குட்டி. மிளகு மாதிரி கறுப்பு, வாயும் அதே காரம். பாட்டுக் கட்டுவதும் பாடுவதும் அவன்தான். குரல் உடைகிற வயசு என்பதால் உச்சத்துக்குப் போனால் கீச்சென்று முறிந்துவிடும். இரண்டாவது செம்பி என்கிற மலையணில். காய்ந்த மூங்கிலைத் தட்டித் தாளம் போடுவாள். மூன்றாவது குமிழி என்கிற தவளை. அவள் சுருதி. சுருதி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு 'கொர்'. அதையும் போட வேண்டிய இடத்தில் போடமாட்டாள். பாட்டு முடிந்து எல்லோரும் மூச்சு விடும்போது 'கொர்' என்பாள்.

குழுவுக்கு 'தொண்டைக்கட்டுக் குழு' என்று அவர்களே பேர் வைத்துக்கொண்டார்கள். மற்றவன் வைப்பதற்கு முன்னால் நாமே வைத்துவிடுவது நல்லது என்றான் மிளகன். புத்திசாலிதான். அந்தப் புத்தியைக் கடைசிவரை கைவிடாமல் வைத்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

முதலில் வாத்தியாரின் குறட்டையைப் பற்றிப் பாடினார்கள். அப்புறம் பாடம் படிக்காமல் காளான் தின்றுவிட்டுத் தாங்களே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்ட கதையைப் பாடினார்கள். வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அம்மாக்கள் நின்று கேட்டார்கள். அம்மாவைத் தேடி வந்த அப்பாக்களும் உட்கார்ந்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் பக்கத்து ஓடையிலிருந்தும் மேட்டுப் புல்வெளியிலிருந்தும் கூட்டம் வர ஆரம்பித்தது. மரத்தடியில் வால் வைக்க இடமில்லை.

கூட்டம் சேர்ந்தால் ரசிகர் மன்றமும் சேரும் இல்லையா? சேர்ந்தது. தலைவர் கோரையன் என்கிற காட்டுப்பன்றி. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய தொண்டை. மிளகனுக்கு 'இசைச் சூறாவளி' என்று பட்டம் கொடுத்தார். குமிழிக்கு 'ஒற்றைக் குரல் உலகம்' என்று பட்டம் கொடுத்தார். ஒரு நாள் செம்பியின் மூங்கிலுக்குத் தேன் அபிஷேகம் நடந்தது. மறுநாள் மூங்கில் முழுக்க எறும்பு. செம்பி தாளம் போட்டாளா, எறும்பை உதறினாளா என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்கும் ஆரவாரம் செய்தார்கள்.

ஆரவாரம் பழகிவிட்டால் பட்டினி கிடக்க முடியாது. புதுப்பாட்டு எங்கே, புதுப்பாட்டு எங்கே என்று கூட்டம் கேட்டுக்கொண்டே இருந்தது. மிளகனிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது. குறட்டை பாடியாயிற்று, காளான் பாடியாயிற்று, குளத்தில் வழுக்கி விழுந்தது பாடியாயிற்று. தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

அப்போது தலைக்கு மேலே 'புஸ்... புஸ்... புஸ்...' என்று சத்தம் கேட்டது. கொம்பையா மாமா பறந்து வந்தார்.

கொம்பையா ஓர் இருவாச்சிப் பறவை. பெரிய மஞ்சள் அலகு, அதன் மேல் தொப்பி வைத்த மாதிரி ஒரு கொம்பு. சிறகு அடித்தால் அரைக் காட்டுக்குக் கேட்கும். பள்ளிக்கூடத்து அத்தி மரத்தில் உட்காருவார். பழத்தை ஒவ்வொன்றாகப் பறித்துத் தொண்டைக்குள் அடுக்குவார். தொண்டை புடைத்ததும் புஸ் புஸ் என்று ஓடைக்கு அக்கரையில் இருக்கிற உயரமான மரத்துக்குப் போவார். அங்கே ஒரு பொந்து. பொந்தின் வாசலில் ஒரு சின்னக் கீறல். கீறல் வழியாக ஒரு அலகு நீளும். பழத்தையெல்லாம் அதற்குக் கொடுத்துவிட்டு மறுபடியும் வருவார். பொழுது விடிந்ததிலிருந்து சாய்கிற வரைக்கும் இதே வேலைதான்.

பொந்துக்குள் இருந்தது அவர் பெண்டாட்டி பொன்னலகி. இருவாச்சிக் குடும்பத்தில் அது ஒரு வழக்கம். முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் போய், மண்ணும் பழச்சக்கையும் எச்சமும் குழைத்து வாசலைத் தானே அடைத்துக்கொள்ளும். பாம்போ மரநாயோ வரக்கூடாது என்பதற்காக. அலகு நீட்ட மட்டும் ஒரு கீறல் விடும். உள்ளேயே இறகெல்லாம் உதிர்ந்து முளைக்கும். அதுவரைக்கும் அவளால் பறக்க முடியாது. குஞ்சுக்கும் அவளுக்கும் சேர்த்து வெளியே இருக்கிறவர்தான் கொண்டுவர வேண்டும். அவர் வரவில்லை என்றால் இரண்டு உயிருக்கும் பட்டினிதான்.

இதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரியும். மிளகனுக்குத் தெரியாது. அவன் கண்ணில் பட்டது, ஒரு பெரிய ஆம்பளை நாள் முழுக்கப் பழம் சுமப்பதும், வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி வாங்கித் தின்பதும்தான். அன்றைக்கே பாட்டுக் கட்டிவிட்டான்.

*கூடை இல்லை, கையும் இல்லை, கொம்பையா மாமா!*
*குரல்வளையே கூடையாச்சு, கொம்பையா மாமா!*
*பொந்துக்குள்ளே போன பழம் ஒண்ணா ரெண்டா மாமா?*
*உங்க பங்கு எங்கே மாமா? புஸ்... புஸ்... புஸ்...*

கடைசி 'புஸ்'ஸைக் கூட்டமே சேர்ந்து பாடியது. எல்லாம் ஓய்ந்த பிறகு குமிழி 'கொர்' என்றாள். சிரித்துச் சிரித்து ஒரு முள்ளம்பன்றி மல்லாந்து விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. இப்படி ஒரு பாட்டை அந்தக் காடு கேட்டதில்லை.

விஷயம் தெரிந்த பெரியவர்களும் சிரித்தார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. அவர்களில் உரக்கச் சிரித்தவர் மன்றத் தலைவர் கோரையன். அதற்குக் காரணம் உண்டு. அவர் பெண்டாட்டி மண்ணாயி குட்டி போட்டுப் படுத்திருந்த சமயம், கொம்பையாவைக் காட்டி, "அவரும் ஒரு புருஷன், நீயும் ஒரு புருஷன்" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டாள். அதிலிருந்து கோரையனுக்கு அந்தச் சிறகுச் சத்தம் கேட்டாலே எரிச்சல். மேட்டுக் கடமானுக்கும் அவர் வீட்டில் அதே பேச்சு கிடைத்திருந்தது. நரிக்கும் கிடைத்திருந்தது. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. மிளகன் பாட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

அப்புறம் கொம்பையா எங்கே போனாலும் பாட்டுத்தான். அத்தி மரத்தில் உட்கார்ந்தால் கீழேயிருந்து ஒரு கூட்டம் "உங்க பங்கு எங்கே மாமா?" என்று கேட்கும். ஓடையைத் தாண்டினால் கரையில் இருக்கிற குட்டிகள் 'புஸ் புஸ்' என்று கையை விரித்துக்கொண்டு ஓடும். சத்தம் வராமல் பறக்கலாம் என்று மாமா மெதுவாகச் சிறகடித்துப் பார்த்தார். அந்த உடம்புக்கு அது முடியுமா? பாதி வழியில் தடுமாறி ஒரு மூங்கில் புதரில் விழுந்தார். அதற்கு ஒரு சரணம் தானாகச் சேர்ந்துகொண்டது.

மானம் போனால் வயசான ஆளுக்கும் புத்தி தடுமாறும். அவர் பள்ளிக்கூடத்து அத்தி மரத்துப் பக்கமே வருவதை விட்டுவிட்டார். அந்தக் காட்டில் அப்போது பழுத்து நின்ற அத்தி அது ஒன்றுதான். மற்றதைத் தேடி இரண்டு மலை தாண்டிப் போனார். போய்த் திரும்புவதற்குள் பாதிப் பொழுது போய்விடும். கூட்டம் விழிக்கும் முன்னால் விடியலில் ஒரு நடை, கூட்டம் கலைந்த பிறகு சாயங்காலத்தில் ஒரு நடை என்று குறைந்தது. பொன்னலகி கேட்டதற்கு, இந்த வருஷம் காய்ப்பு இல்லை என்று பொய் சொன்னார்.

இதை முதலில் கண்டுபிடித்தவள் செம்பி. அவள் கூடு அந்தப் பொந்து மரத்தில்தான் இருந்தது. குஞ்சு கத்துகிற சத்தம் ஒவ்வொரு நாளும் மெலிந்துகொண்டே வருவதைக் கவனித்தாள். இன்னொன்றையும் கவனித்தாள். கீழ்க் கிளையில் ஒரு மரநாய் கொஞ்ச நாளாகக் காரணமில்லாமல் படுத்துக் கிடந்தது.

செம்பிக்கு மனசு கேட்கவில்லை. வாய் நிறைய அத்திப்பழம் பறித்துக்கொண்டு போய்க் கீறலில் நீட்டினாள். உள்ளேயிருந்து அலகு வரவில்லை. குரல் மட்டும் வந்தது.

"யாரும்மா அது? பழம் வேண்டாம். இந்த வாசல்ல நான் அவருக்கு மட்டும்தான் அலகை நீட்டுவேன். இன்னைக்கு உன்கிட்டே வாங்கினா, நாளைக்குப் பாம்பும் பழம் கொண்டு வரும்."

செம்பி ஓடி வந்து மற்ற இரண்டு பேரிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். வாசல் ஏன் அடைத்திருக்கிறது, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டதும் மிளகன் முகம் சுருங்கிவிட்டது. இனி அந்தப் பாட்டு வேண்டாம் என்று மூவரும் முடிவு செய்தார்கள்.

முடிவு செய்தால் ஆயிற்றா? அன்றைக்கு மேடையில் காளான் பாட்டைத் தொடங்கினார்கள். கூட்டம் விடவில்லை. மாமா பாட்டு, மாமா பாட்டு என்று தரையை உதைத்தது. இவர்கள் வாயை மூடிக்கொண்டதும், அவர்களே முதல் வரியிலிருந்து கடைசி 'புஸ்' வரைக்கும் பாடிவிட்டார்கள். குமிழியின் 'கொர்'ரை மட்டும் கோரையனே போட்டார், அதுவும் சரியான இடத்தில். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மிளகன் வேறு வழி யோசித்தான். மறுநாள் கொம்பையாவைப் புகழ்ந்து ஒரு பாட்டுக் கட்டினான். மாமாவைப் போல் ஒரு தியாகி உண்டா, மாமாவின் தொண்டை தங்கத் தொண்டை என்று உருகிப் பாடினான். உருகியதில் குரல் வேறு கீச்சென்று முறிந்தது. கூட்டம் தரையில் புரண்டு சிரித்தது. இதுவரைக்கும் வந்ததிலேயே பெரிய நையாண்டி இதுதான் என்று கோரையன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 'தங்கத் தொண்டை' என்று கொம்பையாவுக்குப் பட்டமே கட்டிவிட்டார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

அன்று மிளகன் அழுதான். பாட்டு தன்னுடையது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான். அது எப்போதோ கைவிட்டுப் போய்விட்டது என்று இப்போதுதான் தெரிந்தது.

அழுது முடித்துவிட்டு நேரே பொந்து மரத்தில் ஏறினான். கீறலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டைக் கட்டினது நான்தான் அத்தை என்றான். காய்ப்பு இல்லை என்பது பொய், மாமா வெட்கப்பட்டுக்கொண்டுதான் வருவதில்லை என்பதையும் சொன்னான். சொல்லிவிட்டுத் திட்டு வாங்கத் தயாராக இருந்தான்.



"பாட்டு இங்கேயும் கேட்டுச்சு. நானும் சிரிச்சேன்டா. அவருக்கு வலிக்கும்னு எனக்குத் தோணவே இல்லை" என்றாள் பொன்னலகி. அப்புறம் குரல் மாறியது. "குஞ்சு இன்னைக்குத் தலையைத் தூக்கலை. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ளே அவர் தொண்டை நிறையப் பழத்தோட வரணும். வரலேன்னா நான் சுவரை இடிச்சுட்டு வெளியே வந்துடுவேன்."

"அத்தை, உங்களுக்கு இன்னும் இறகு முளைக்கலையே."

"நடந்து போவேன்."

மிளகன் கீழே பார்த்தான். மரம் அவ்வளவு உயரம். கீழ்க் கிளையில் மரநாய் நிதானமாகக் காலை நக்கிக்கொண்டிருந்தது. சுவர் உடைந்தால் முதலில் உள்ளே நுழைவது யார் என்று சொல்லவா வேண்டும்?

மறுநாள் காலையில் மிளகனும் குமிழியும் கொம்பையாவைத் தேடிப் போனார்கள். செம்பி பொந்து மரத்திலேயே காவல் இருந்தாள். குமிழி மிளகனின் தோளில் ஒட்டிக்கொண்டு போனாள். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மொட்டைப் பாறையில் மாமா தனியாக உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மிளகன் காலில் விழுந்தான். எழுந்து, அத்தை சொன்னதை அப்படியே சொன்னான். மாமா சிறகை ஒரு தடவை விரித்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"மழையில பறந்திருக்கேன். புயல் காத்துல பறந்திருக்கேன். அந்தச் சிரிப்புல பறக்க முடியலைப்பா" என்றார். "உங்க பங்கு எங்கே மாமான்னு கேட்டியே, என் பங்கு அந்தப் பொந்துக்குள்ளேதான்டா இருக்கு. அதைச் சொன்னா அதுக்கும் சிரிப்பாங்க."

இனி பாடமாட்டோம் மாமா என்றான் மிளகன். நீ நிறுத்திவிட்டாய், அவர்கள் நிறுத்தவில்லையே என்றார் அவர். இன்றைக்குச் சாயங்காலம் கச்சேரி இருக்கிறது, அத்தி மரத்துக்குப் பக்கத்து நாவல் மரத்தில் இலைக்குள் மறைந்து உட்காருங்கள், எங்கள் பாட்டைக் கேட்டுவிட்டு அப்புறமும் முடியாது என்றால் போய்விடுங்கள் என்று கெஞ்சினான். மாமா சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது குமிழி, "என்ன பாடப் போறே?" என்று கேட்டாள். தெரியாது என்றான் மிளகன். கொஞ்ச தூரம் போனதும், "அந்தப் பாட்டு எனக்கு ஏன் அவ்வளவு சுலபமா வந்துச்சுன்னு யோசிச்சுப் பார்த்தேன்" என்றான்.

சாயங்காலம் அன்று போல் கூட்டம் எப்போதும் வந்ததில்லை. கோரையன் முன் வரிசையில் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். அக்கரையிலிருந்து செம்பி அனுப்பிய ஓர் அணில் செய்தி கொண்டு வந்தது. பொந்துச் சுவரிலிருந்து மண் உதிர ஆரம்பித்துவிட்டதாம். மிளகன் நாவல் மரத்தை அண்ணாந்து பார்த்தான். இலையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் மேடையில் ஏறினான்.

தாளம் போட செம்பி இல்லை. மிளகன் அதே மாமா பாட்டு மெட்டை எடுத்தான். கூட்டத்துக்கு ஒரே குஷி. தாளத்தை அவர்களே உதைத்துப் போட்டார்கள். ஆனால் வார்த்தை வேறாக இருந்தது.

*எங்கப்பனுக்கு எத்தனை புள்ளை? எங்கப்பனுக்கே தெரியாது!*
*எதிரே போய் நான் நின்னு பார்த்தேன், என் பேர் அவனுக்குத் தெரியாது!*

கூட்டம் பழக்கத்தில் 'புஸ் புஸ்' என்று கத்திச் சிரித்தது. அப்புறம் சிலர் பாதியில் நிறுத்தினார்கள். மிளகனின் அப்பா அந்தக் காட்டு முசுக்கூட்டத்துக்கே ராஜா. அவர் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். மிளகன் அவரைப் பார்க்காமல் பாடினான். இப்போது அவன் குரல் முறியவில்லை.

அடுத்து நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒற்றைக் 'கொர்'ரைத் தவிர வேறொன்றும் பாடாத குமிழி வாயைத் திறந்தாள்.

*மழை வந்த அன்னைக்குப் பாடினான் அப்பன், மழை விட்ட பின்னே காணலையே!*
*குளத்துத் தண்ணிதான் தூக்கி வளர்த்தது, கூப்பிட்டுப் பார்த்தேன், வரலையே!*

பாடிவிட்டு 'கொர்' போட மறந்துவிட்டாள். யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

மிளகன் கூட்டத்தைப் பார்த்தான். "மாமா பொந்துக்குப் பழம் சுமக்கிறதைப் பார்த்தா எனக்குப் பொறாமை. எனக்கு யாரும் பழம் கொண்டு வந்ததில்லை. அதனாலதான் அந்தப் பாட்டு அவ்வளவு சுலபமா வந்துச்சு" என்றான். அப்புறம் மறுபடியும் மெட்டுக்கு வந்தான்.

*உங்க வீட்டிலே பொந்தில் கிடந்தா, யாரு கொண்டு வந்தாங்க?*

பதிலுக்குக் காத்திருந்தான். முன் வரிசையிலிருந்து மண்ணாயி எழுந்தாள். பாட்டெல்லாம் அவளுக்கு வராது. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"எங்க வீட்டுல யாரும் கொண்டு வரலை. நான் குட்டி போட்டுப் படுத்துக் கிடந்தேன். இவர் சேத்துல படுத்துக் கிடந்தார்."

பின்னாலிருந்து ஒரு பெண் கடமான் களுக்கென்று சிரித்தது. எங்கள் வீட்டிலும் அதே கதைதான் என்றது. நரியின் பெண்டாட்டி, இவர் ஒரு தடவை எலி கொண்டு வந்தார், வழியிலேயே தின்றுவிட்டு வாலை மட்டும் கொடுத்தார் என்றாள். அவ்வளவுதான். அத்தனை பெண்களும் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் எல்லாம் 'புஸ் புஸ்' என்று முடித்தார்கள். அன்றைக்குப் போல அந்த மரத்தடி எப்போதும் சிரித்ததில்லை. ஆனால் இந்தத் தடவை சிரிக்காத பேர்வழிகள் வேறு.

கோரையனுக்குக் காது சிவந்துவிட்டது. மன்றத்தைக் கலைத்துவிட்டேன் என்று கர்ஜித்தார். கீழே கிடந்த அழுகல் அத்திப்பழத்தை மூக்கால் நெம்பி மேடையில் எறிந்தார். கடமானும் நரியும் எறிந்தார்கள். மிளகன் தலையெல்லாம் பழச்சாறு. கொடுத்த பட்டத்தையெல்லாம் திருப்பிக் கொடு என்று கத்திக்கொண்டே ஆம்பளைக் கூட்டம் பாதிக்கு மேல் எழுந்து போனது. மிளகனின் அப்பாவும் எழுந்து போனார். போகிற போக்கில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

மிச்சமிருந்தது அம்மாக்களும் குட்டிகளும்தான். மிளகன் நாவல் மரத்தைப் பார்த்துச் சொன்னான்.

"மாமா, மரம் காலியா இருக்கு. நேரம் ஆகுது."

இலை அசைந்தது. 'புஸ்' என்று ஒரு சத்தம். ஒரு பன்றிக்குட்டி பழக்க தோஷத்தில் கையை விரித்தது. மண்ணாயி பார்த்த பார்வையில் மடக்கிக்கொண்டது. கொம்பையா அத்தி மரத்தில் இறங்கினார். அவசர அவசரமாகப் பறித்தார். அந்த அவசரத்தில் ஒரு பழம் கீழே விழுந்தது. அந்தப் பன்றிக்குட்டியே அதை எடுத்து, வேரின் மேல் ஏறி நின்று நீட்டியது. தொண்டை புடைத்ததும் புறப்பட்டார். சத்தத்தை மறைக்கவில்லை. அரைக் காட்டுக்குக் கேட்கிற மாதிரி சிறகடித்துக்கொண்டு போனார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அக்கரையில் நடந்ததைச் செம்பி பிறகு சொன்னாள். சுவரில் ஒரு பக்கம் பொன்னலகி அலகால் குத்திக் குத்தித் துளை விழுந்திருந்தது. மரநாய் மேல் கிளைக்கு வந்துவிட்டது. செம்பி வாலைப் பெரிதாக விரித்துக்கொண்டு கத்திக் கத்தி அதைத் தடுத்துக்கொண்டிருந்தாள். அவளும் எவ்வளவு நேரம் தாங்குவாள்? அந்தச் சமயத்தில் சிறகுச் சத்தம் கேட்டது. அவ்வளவு பெரிய அலகோடு ஒருவர் இறங்கி வந்தால் எந்த மரநாய் நிற்கும்? கீழே குதித்து ஓடிவிட்டது. கீறல் வழியாக முதல் பழம் உள்ளே போனது. அடுத்தது குஞ்சுக்கு. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து சின்னதாக ஒரு கத்தல் வந்தது. அந்தக் கத்தலைக் கேட்டுக் கொம்பையா கிளையில் அலகைச் சாய்த்து அழுதார்.

அழுகிற நேரமா இது, போய் இன்னொரு நடை கொண்டு வா, அப்படியே சுவர் பூச ஈர மண்ணும் கொண்டு வா என்று பொன்னலகி உள்ளேயிருந்து விரட்டினாள். அவர் சந்தோஷமாகப் போனார்.

அந்தப் பருவம் முடிந்தது. இறகு முளைத்த பொன்னலகி சுவரை இடித்துக்கொண்டு வெளியே வந்தாள், பின்னால் குண்டாக ஒரு குஞ்சும் வந்தது. தொண்டைக்கட்டுக் குழுவுக்குப் பழைய கூட்டம் திரும்பவே இல்லை. கோரையன் இப்போது நரிகளின் ஊளைக் கச்சேரிக்குத் தலைவர். ஆனால் சில நாள் காலையில் அவர் வாயில் ஒரு கிழங்கைக் கவ்விக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தபடி வீட்டுப் பக்கம் ஓடுவதைச் செம்பி பார்த்திருக்கிறாள். அதைப் பாட்டாகக் கட்டலாமா என்று அவள் கேட்டதற்கு, பாட்டைக் கேட்டு அவர் வாயைத் திறந்தால் கிழங்கு விழுந்துவிடும், விட்டுவிடு என்றான் மிளகன்.

தன்னால் செய்ய முடியாத நல்லதை இன்னொருவன் செய்யும்போதுதான் ஊருக்குக் கேலி பொங்கும். அந்தக் கேலிக்குத் தாளம் போடுகிறவன், தெரியாமலே ஒரு குஞ்சின் வாயிலிருந்து பழத்தைப் பிடுங்குகிறான்.